சன்னலுக்கு வெளியே ஓர் உறுப்பினர்

அன்று மழை சாய்த்து அடித்தது. பிரெசிடெண்ட் திம்மராயப்பா வீட்டுக் கூடத்தில் பஞ்சாயத்துக் கூட்டம். அவரோடு சேர்த்து ஆறு உறுப்பினர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ராகி மூட்டைகளுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு முக்காலி.

குமாஸ்தா தீர்மானத்தை வாசித்து முடித்தார். குடிநீர்க் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவது பற்றியது.

"சம்மதம்ங்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் பிரெசிடெண்ட்.

ஆறு கைகள் உயர்ந்தன. விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு கழுத்தைத் திருப்பிச் சன்னலைப் பார்த்தார்.

"உள்ள ஆறு. வெளிய ஒண்ணு. ஏழு. எழுதிக்கய்யா, ஏகமனதா."

சன்னல் கம்பிகளுக்கு அப்பால், தலையில் கோணிச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தார். அவருடைய வலது கை மழைக்குள் உயர்ந்திருந்தது. முழங்கையிலிருந்து சொட்டிய தண்ணீர் சன்னல் விளிம்பில் தெறித்து, என் நோட்டுப் புத்தகத்தில் அப்போதுதான் எழுதிய ஒரு வரியைக் கரைத்தது.

அவர் வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை. பெயர் மாதப்பன். சேரிக்கென்று ஒதுக்கிய இடத்தில் வோட்டு வாங்கி ஜெயித்த ஏழாவது உறுப்பினர். ஜெயித்த நாளிலிருந்து எல்லாக் கூட்டங்களுக்கும் தவறாமல் வந்தவர். ஒரு கூட்டத்துக்கும் உள்ளே வராதவர்.

கரைந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. இது திம்மராயப்பாவின் வீடு. வீடென்றால் யாரை உள்ளே விடுவது என்று வீட்டுக்காரர் வைத்த வழக்கம் இருக்கும். யாருடைய வீடாகவும் இல்லாத ஒரு கட்டடம் வேண்டும்.

மானம் போகிற வாரம்

போன வாரம், ராகிக் களியைக் கட்டிதட்டாமல் கிண்டத் தெரியாமல் ஊர்ப் பெண்களிடம் நான் பட்ட பாட்டை எழுதினேன். கிருஷ்ணகிரியிலிருந்து அம்மா கடிதம் போட்டுவிட்டாள்: "ஊரெல்லாம் படிக்கிற பத்திரிகையில் இதையெல்லாமா எழுதுவாய்?" இந்த வாரம் மானம் இன்னும் கொஞ்சம் போகும் அம்மா. பொறுத்துக்கொள்.

முதல் முறையாகப் படிக்கிறவர்களுக்கு: நான் கிராம சேவிகா, ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சர்க்கார் அனுப்புகிற ஊழியர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பயிற்சி முடித்து, புகையில்லா அடுப்பையும் பிள்ளை வளர்ப்பையும் தலைக்குள் திணித்துக்கொண்டு, தளியிலிருந்து ஜவளகிரி போகிற வழியில் ஒரு ஊருக்கு வந்து இறங்கியவள். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கதையில் வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஆரோக்கியமேரி என்ற என் பெயர் அந்த ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. ஒரு வீட்டில் கன்னடம், அடுத்த வீட்டில் தெலுங்கு, சந்தைக்குப் போனால் தமிழ். மூன்று பாஷைக்காரர்களும் சேர்ந்து எனக்கு வைத்த பெயர் 'சேவிகாம்மா'.

எந்த வருஷம் என்று கேட்டால், இந்தப் பக்கமெல்லாம் சென்னை ராஜ்யத்திலேயே இருக்குமா, மைசூருக்குப் போய்விடுமா என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டிருந்த காலம். பின்னால் ஒருநாள் கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை எழுத வந்தவர், "எந்த பாஷையில எழுதறதுங்க?" என்று தயங்கியபோது பிரெசிடெண்ட் சொன்னார்: "ராஜ்யம் எங்க போனா என்னா? கட்டடம் இங்கதான நிக்கப் போவுது. நல்லாத் தெரியுற மாதிரி எழுது, போ."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என் கஷ்டமே.

மழையைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்

அடுத்த கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மூன்று நாள் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். சட்டத்தில் எல்லா உறுப்பினரும் சமம், மாதப்பனை வெளியே நிறுத்துவது தப்பு என்று தொடங்குவதாக ஏற்பாடு.

ஆறு முகங்களும் என்னைப் பார்த்தன. பிரெசிடெண்டின் மனைவி எனக்கென்று தனியாகக் காய்ச்சிக் கொடுத்த காபி கையில் சுட்டது. அந்த வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டு அந்த வீட்டு வழக்கத்தைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? பேச்சு தானாகத் திரும்பிக்கொண்டது.

"மழையில ஒரு மெம்பர் நனையுறாருங்க" என்றேன். "நமக்கு ஒரு ஆபீஸ் வேணும். சர்க்கார்ல பாதி தர்றாங்க. மீதிக்கு ஊர்ல உழைப்புக் கொடுத்தாப் போதும்."

"ஆமா, பாவம்" என்றார் திம்மராயப்பா உடனே. "போன தடவ தும்மிக்கினே இருந்தான். மாதா, என்னடா சொல்ற?"

சன்னலிலிருந்து குரல் வந்தது. "எனக்குத் தும்மல் நின்னாப் போதும் சாமி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தீர்மானம் நிறைவேறியது. உள்ளே ஆறு, வெளியே ஒன்று.

கூட்டம் முடிந்து ஏரிக்கரை வழியாக மாதப்பன் முன்னால் நடக்க, நான் ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டேன். அவருக்கு முப்பது வயதிருக்கும். கோலார் சுரங்கத்தில் சில காலம் வேலை பார்த்துத் திரும்பியவர். கால்களை அகட்டி வேகமாக நடப்பார்.

"அண்ணா, உள்ள வாங்கன்னு உங்களை யாரும் கூப்பிட்டதில்லையா?"

அண்ணா என்றதும் அவர் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மறுபடி நடந்தார்.

"பிரெசிடெண்டு ஒரு தபா கூப்டாருங்க. வாடா, வாசப்படிகிட்ட வந்து நில்லுன்னாரு. வாசப்படிக்கும் சன்னலுக்கும் என்னாங்க வித்தியாசம்? சன்னல்ல காத்தாவது வருது."

"நேரா உள்ள வந்து உக்காந்துட்டா?"

"அன்னிக்கு உக்காரலாம். மக்யாநாளு அவரு ராகிக் கொல்லைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு வேலைக்குப் போறது? அது அவரு வூடு சேவிகாம்மா. ஆபீஸு வரட்டும். ஆபீஸுன்னா வேற."

'ஆபீஸுன்னா வேற' என்று சொன்னபோது அவர் குரலில் இருந்ததை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. வெளியூரில் இருக்கிற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

பாறை பேசுகிற சத்தம்

எங்கள் பக்கத்தில் வீடென்றால் கல்தான். சுவர் கல், கூரை பலகைக்கல், வேலிகூட நட்டு நிறுத்திய பலகைக்கல். ஆனால் சேலத்திலிருந்து வந்த பிளான் புதுமாதிரி. கல்சுவருக்கு மேல் கம்பி கட்டிக் காங்கிரீட் தளம். ரோட்டைப் பார்த்து ஒரே கதவு. சேரிப் பாதை போகிற கிழக்குச் சுவரில் பெரிய சன்னல். கதவு தெற்குப் பார்த்து இருக்கிறதே என்று பிரெசிடெண்ட் முகம் சுளித்தார். சர்க்கார் பிளான், மாற்ற முடியாது என்று குமாஸ்தா சொல்லிவிட்டார்.

கல் வேலைக்கு ஓபுளன் வந்தார். தெலுங்கு பேசுகிற கல்தச்சர். பிளானைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, மடித்து என்னிடமே கொடுத்தார். "இதுல கல்லு எங்கம்மா இருக்குது? வெறும் கோடுதான் இருக்குது."

ஊருக்கு மேற்கே ஒரு மொட்டைப் பாறை. அதன்மேல் விறகை வரிசையாகப் பரப்பித் தீ மூட்டுவார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தீயைத் தள்ளிக்கொண்டே போவார். சூடேற ஏற, பாறையின் மேலேடு அடிப்பாறையை விட்டுத் தனியாகப் பிரியும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சின்னச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுப்பார். பிரியாத இடம் 'ணங்' என்னும். பிரிந்த இடத்தில் சத்தம் உள்ளே விழுந்து அமுங்கும்.

"கேட்டீங்களா? வுட்டுடுச்சி."

எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. ஆனாலும் தலையாட்டினேன். ஒன்றும் புரியாமலே தலையாட்டுவது எனக்கு அந்த ஊர் கற்றுக்கொடுக்காத பழக்கம். கையோடு கொண்டு வந்தது.

ஊர் உழைப்பு என்று காகிதத்தில் எழுதியிருந்தோம். பிரெசிடெண்ட் முதல் கூடை மண்ணைத் தூக்கினார். நானும் இரண்டு கூடை தூக்கினேன். அதன்பிறகு கல்லைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் சேரிக்காரர்கள். பலகைக்கல்லைக் கயிற்றில் கட்டி, மூங்கில் கொடுத்து, எட்டுப் பேர் தோளில் ஏற்றி, "ஐலசா" போட்டுக்கொண்டு வருவார்கள். முன் மூங்கிலில் எப்போதும் மாதப்பன். இறக்கி வைத்ததும் தோளைத் தடவிக்கொண்டே சுவரைச் சுற்றி ஒரு நடை போவார். கூரையில்லாத அந்த அறைக்குள் அப்போதெல்லாம் தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தார். நடுவில் நின்று ஒருநாள் கேட்டார்: "மேசை எங்கம்மா வரும்?"

காலால் கோடு போட்டுக் காட்டினேன்.

"நாற்காலிங்க?"

ஏழு இடத்தையும் காட்டினேன். சன்னலுக்கு நேரே இருந்த ஏழாவது இடத்தில் அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்.

மார்கழியில் நாற்காலிகள் ஓசூரிலிருந்து மாட்டு வண்டியில் வந்தன. ஏழும் பிரம்பு பின்னியவை, ஏழும் ஒரே உயரம். உயரத்தை நான்தான் பிடிவாதமாகக் கடிதத்தில் எழுதியிருந்தேன். பிரம்பும் வார்னிஷும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எந்தக் கடையில் வந்தாலும் நின்றுவிடுகிறேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏழிலும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். ஏழாவது மட்டும் லேசாகக் கிறீச்சிட்டது.

கிறிஸ்துமஸ் முடிந்து வந்தபோது

கிறிஸ்துமஸுக்குக் கிருஷ்ணகிரி போய்விட்டு, புது வருஷம் பிறந்து நான்கைந்து நாள் கழித்துத் திரும்பினேன். காலைப் பனி இன்னும் விலகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தூரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கட்டடம் முடிந்திருந்தது. கிழக்குச் சுவரில், சன்னலுக்கு மேலே, பிளானில் இல்லாத ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நல்ல அகலமான பலகைக்கல். சன்னலுக்குக் கீழே, வெளிப்பக்கம், இரண்டு கல்லின்மேல் படுக்க வைத்த இன்னொரு பலகைக்கல். ஓரமெல்லாம் உளியால் கொத்தி மழுக்கியிருந்தது.

ஓபுளன் சிரித்துக்கொண்டே வந்தார். "எப்படிம்மா?"

"என்னங்க இது?"

"மாதப்பனுக்கு. நனையுறாருன்னு நீங்கதான சொன்னீங்க? இனிமே ஒரு சொட்டு வுழாது. உக்கார்றதுக்கும் எடம். அவர நிக்க வச்சி அளவெடுத்தம்மா. கையத் தூக்கினா மேல் கல்லுல இடிக்கக் கூடாதில்ல?"

பின்னாலேயே திம்மராயப்பா வந்தார். முகம் நிறையப் பெருமை. "சேவிகாம்மா, நீங்க சொன்னத ஊரு மறக்கல பாத்தீங்களா? அந்தக் கல்லு என் கொல்லையில இருந்து கொடுத்தது. சும்மா கொடுத்தேன்."

அவர்கள் யாரும் கேலி செய்யவில்லை. நான் சொன்னதைத்தான் செய்திருந்தார்கள். ஒரு மெம்பர் நனைகிறார் என்றேன், நனையாமல் ஆக்கிவிட்டார்கள். கையைத் தூக்கினால் இடிக்காத உயரம் வரைக்கும் யோசித்திருக்கிறார்கள். அந்தக் கல்லைத் தூக்கி வந்த எட்டுப் பேரில் முன் மூங்கிலைப் பிடித்தவர் யார் என்று நான் கேட்கவில்லை.

"நல்லாருக்குதுங்க" என்று தலையாட்டினேன்.

தை மாதம் முதல் கூட்டம். உள்ளே ஆறு நாற்காலியில் ஆறு பேர். வெளியே கல்லில் மாதப்பன், சுத்தமான வேட்டி கட்டிக்கொண்டு. ஏழாவது நாற்காலி சும்மாதானே இருக்கிறது என்று குமாஸ்தா ஃபைல் கட்டுகளை அதன்மேல் அடுக்கினார். அது ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது.

மாதப்பன் சன்னல் வழியாக அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

கல்லாவி வெயிலில்

அந்தக் கோடையில் எனக்குக் கல்லாவிக்கு மாற்றல் வந்தது. காரணம் ஒன்றும் பெரிதில்லை, அங்கே ஆள் இல்லை. இப்போது அங்கேதான் இருக்கிறேன். சந்தை பெரியது, ஜனங்கள் நல்லவர்கள், வெயில்தான் பொறுக்க முடியவில்லை. மத்தியானத்தில் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினால் தளிப் பக்கத்துக் குளிர்தான் வருகிறது. பனியில் நனைந்த ராகித் தாள், ஓபுளனின் விறகுப்புகை, சுண்ணாம்பு வாசனை. அப்புறம் ஃபைல் சுமக்கிற ஒரு நாற்காலி.

ஒரு கட்டடத்துக்காக இப்படி ஏங்க முடியுமா என்று என்னுடன் வேலை செய்கிற தோழி கேட்கிறாள். அது இன்னும் முடியாத கட்டடம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

பொறுக்காமல், போன மாதம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அந்த ஊருக்குப் போனேன். காலை பத்து மணி. ஆபீஸ் பூட்டியிருந்தது. கிழக்குப் பக்கக் கல்லில் மாதப்பனும் ஓபுளனும் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்கள். கல் சில்லென்று இருந்தது.

வந்த விஷயத்தை உடனே கொட்டிவிட்டேன். "அண்ணா, அன்னிக்கு நான் முழுசாச் சொல்லல. மழையை மட்டும் சொன்னேன். என் தப்பு."

"தெரியுங்க" என்றார் மாதப்பன். "நானுந்தான் தும்மல மட்டும் சொன்னேன்."

ஓபுளன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். சன்னலின் அடிப்பக்கத்தைத் தட்டினார். "இந்த நாலு வரி கல்ல எடுத்தாப் போதும். கதவாயிடும். மேல்கல்லு ஏற்கெனவே இருக்குது. நீங்க உக்காந்திருக்கிற கல்லே படி. இந்தப் பக்கம் ஒரு வழி போட்டுடலாம்."

நான் துள்ளி எழுந்தேன். மாதப்பன் எழவில்லை.

"வேணாம். அப்புறம் இது என் வாசல்னு ஆயிடும். இப்ப சன்னலு, அப்ப வாசலு. அவ்ளோதான்."

சேரிப் பாதையில் ஒரு எருமை போனது. ஓபுளன் தலையைச் சொறிந்துகொண்டு தெற்குப் பக்கம் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரே கதவு, ஒரே சன்னலு. ரெண்டயும் எடம் மாத்திட்டா? அங்க சன்னலு, இங்க கதவு. எல்லாருக்கும் இதான் வழி."

மாதப்பன் தான் உட்கார்ந்திருந்த கல்லைக் கையால் தடவிப் பார்த்தார். "பிரெசிடெண்டும் இத மிதிச்சித்தான் போவணும்?"

"பறந்தா போவாரு?"

எனக்கு மூளை படபடவென்று ஓடியது. "தெற்கு வாசல் பிடிக்கலன்னு அவரே சொன்னாரு! கிழக்கு வாசல் நல்லதுன்னு எழுதிட்டா உடனே ஒத்துக்குவாரு. வாஸ்துன்னு போட்டா யாரும் எதிர்க்க மாட்டாங்க." பையிலிருந்து பேப்பரும் பேனாவும் எடுத்துவிட்டேன்.

"வாஸ்து வேணாம்மா" என்றார் மாதப்பன். "மழைன்னோம், கூரை வந்துச்சி. வாஸ்துன்னா வாசல் வரும். நான் இங்கியேதான் இருப்பேன். நான் உள்ள உக்காரணும்னு எழுதுங்க."

"எதிர்ப்பாங்களே?"

"எதிர்க்கட்டும். எதிர்க்கிறதுக்கும் ஆபீஸுதான எடம்?"

"கொல்லை வேலை போனா?"

வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே யோசித்தார். "கோலாரு இன்னும் அங்கதான் கீது" என்றார். ஆனால் போகிறவர் குரலில் சொல்லவில்லை.

கல்லின்மேல் பேப்பரை வைத்து எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, அப்படியே. உறுப்பினர் மாதப்பன் மற்ற உறுப்பினர்களைப் போல அலுவலகத்துக்குள் நாற்காலியில் உட்கார வேண்டியது. எல்லாரும் ஒரே வழியில் வருவதற்காகக் கதவைக் கிழக்குச் சுவருக்கு மாற்ற வேண்டியது. அவ்வளவுதான். கீழே மாதப்பன் கையெழுத்துப் போட்டார். சுரங்கத்தில் கூலி வாங்கக் கற்றுக்கொண்ட கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது.

வழிமொழிய இன்னொரு உறுப்பினர் வேண்டும். ஆறு பேரில் யார் என்று மூவரும் விரல்விட்டுப் பார்த்தோம். நிச்சயமாக ஒருவர் பெயரும் நிற்கவில்லை. ஒருவேளை ஒருவர். அவர் பெயரை இப்போது எழுதினால் அவருக்கும் பயம் வந்துவிடும்.

"குமாஸ்தாகிட்ட முன்னாடியே கொடுத்திடுங்க" என்றேன்.

"மாட்டேன். சன்னல் வழியா நீட்டினா அது மனு. நானே உள்ள போயி மேசை மேல வைக்கிறேன்."

வருகிற செவ்வாய்க்கிழமை கூட்டம். திங்கட்கிழமை மத்தியானப் பஸ்ஸில் கல்லாவியை விட்டுக் கிளம்புகிறேன். எனக்கு அங்கே பேச உரிமை கிடையாது; ரோட்டோரம் நின்று பார்ப்பேன். ஓபுளன் சம்மட்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேண்டாம், அன்றைக்குச் சம்மட்டி மட்டும் வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறேன்.

பிரியும்போது மாதப்பனிடம் ஒன்று கேட்டேன். "பேப்பரை மேசை மேல வச்சதும் என்ன செய்வீங்க அண்ணா?"

"அதான் யோசனை. அந்த நாற்காலி மேல இருக்கிற ஃபைல் கட்டெல்லாம் தூக்கி எங்க வைக்கிறதுன்னு தெரியல. தரையில வச்சா கரையான் அரிச்சிடும்."

ஆபீஸ் மூலையில் இருக்கிற அலமாரியின் கீழ்த்தட்டு காலியாகத்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில், அவர் உள்ளே போவதற்கு முன்னால், மறக்காமல் அதைச் சொல்லிவிட வேண்டும்.